வீட்டுத் தோட்டத்தில் வெள்ளரி: விதைப்பும் இடைவெளியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்ததும் அக்கம்பக்கத்தாரும் உறவினர்களும் வெள்ளரி விதை கேட்டு வருவார்கள். விதையோடு கேள்விகளும் வரும். தமிழகத்தின் சமவெளிப் பகுதிகளில், வீட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ முதன்முறையாக வெள்ளரி போடுகிறவர்களை மனத்தில் வைத்து, அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வெள்ளரி என்று கடையில் பலவிதமான விதை தருகிறார்கள். இந்தப் பதில்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. பச்சையாக நறுக்கித் தின்னும் வெள்ளரி, அதாவது கோடையில் பேருந்து நிலையத்தில் நீளவாக்கில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிற காய், குக்குமிஸ் சட்டைவஸ் என்ற இனம். சாம்பாருக்கும் கூட்டுக்கும் போடுகிற மஞ்சள் நிற உருண்டை வெள்ளரியும், பழுத்தவுடன் தானே வெடித்து மாவு மாவாகப் பிளக்கிற வெள்ளரிப்பழமும் முலாம்பழத்தின் இனமான குக்குமிஸ் மெலோவைச் சேர்ந்தவை. அவை தரையில் நன்றாகப் படர்ந்து ஓடுகிற கொடிகள் என்பதால் அவற்றுக்கு இடம் கூடுதலாக வேண்டும். இங்கே நான் தரும் அளவுகள் பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கு மட்டுமே உரியவை. விதை வாங்கும்போது ‘எந்த வெள்ளரி’ என்று கேட்டு வாங்குங்கள். விதையின் தோற்றத்தை வைத்து இவற்றைப் பிரித்தறிவது எளிதன்று.

எந்த மாதத்தில் விதைக்க வேண்டும்?

தையும் மாசியும் நல்ல காலம். தை நடுவில் போட்ட விதை பங்குனியில் காய்க்கத் தொடங்கும். வெள்ளரிக்காய் வேண்டியிருப்பதும் அப்போதுதான். அடுத்த வாய்ப்பு ஆனியும் ஆடியும். வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், குறிப்பாகக் கடலோர மாவட்டங்களில், திறந்த வெளியில் வெள்ளரி போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். இலை காயவே காயாத அந்த நாட்களில் அடிச்சாம்பல் நோய் கொடியை ஒரே வாரத்தில் கருக்கிவிடும். வெள்ளரி விதை முளைக்க மண்ணில் வெப்பம் வேண்டும். மண்ணின் வெப்பம் 25 முதல் 35 டிகிரி வரை இருந்தால் மூன்று முதல் ஐந்து நாட்களில் முளை தலைகாட்டும். 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை மண்ணிலேயே கிடந்து அழுகும். மலைப் பகுதியில் இருப்பவர்கள் குளிர் முழுவதும் விலகும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நேரடியாக விதைப்பதா, நாற்று விட்டு நடுவதா?

நேரடி விதைப்பையே நான் பரிந்துரைக்கிறேன். கத்தரி, மிளகாய் நாற்றுகளைப் பிடுங்கி நட்டால் இரண்டு நாள் வாடிவிட்டு நிமிர்ந்துகொள்ளும், வெள்ளரி அப்படியன்று. அதன் வேர் அறுபட்டால் மீண்டும் கிளைப்பது மெதுவாகத்தான் நடக்கும் என்பதால், நட்ட நாற்று பத்து நாள் வளராமல் நின்றுவிடுவதும் உண்டு. எலி, அணில் தொல்லையால் நாற்றாகத்தான் விட வேண்டும் என்கிற நிலை இருந்தால், குழித்தட்டிலோ காகிதக் கோப்பையிலோ ஒரு குழிக்கு ஒரு விதை போட்டு, வித்திலைகளுக்கு (முளைத்ததும் முதலில் விரியும் இரட்டை இலைகள்) பிறகு இரண்டு உண்மையான இலைகள் விரிந்ததும், வேரைச் சுற்றியுள்ள மண் உதிராமல் அப்படியே எடுத்து மாலை வேளையில் நடுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் வேர் கோப்பைக்குள் சுருண்டுவிடும்.

விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது? ஊறவைக்க வேண்டுமா?

ஆட்காட்டி விரலின் முதல் கணு அளவு, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர் போதும். மண் கெட்டியாக இருந்தால் இன்னும் சற்று மேலாகவே போடலாம். நான்கைந்து மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் முளைப்பு ஒரு நாள் முந்தும், ஊறவைக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை. இரவு முழுக்க ஊறவிட்டு மறுநாளும் மறந்துவிடுவதுதான் கெடுதல். விதைத்ததும் பூவாளியால் ஒருமுறை நனைத்துவிட்டு, மேல்மண் காயும்போது மட்டும் மீண்டும் தெளியுங்கள்.

செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

கொடி எங்கே போகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்யாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வலையிலோ கயிற்றிலோ மேலே ஏற்றுவதாக இருந்தால் செடிக்குச் செடி ஓர் அடி, வரிசைக்கு வரிசை மூன்று முதல் நான்கு அடி போதும். தரையில் படர விடுவதாக இருந்தால் செடிக்குச் செடி இரண்டு அடி, வரிசைக்கு வரிசை ஐந்து அடி வேண்டும்; வயலில் வாய்க்கால் எடுத்து ஓரத்தில் விதை ஊன்றுகிற விவசாயிகள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் 1.5 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் என்ற கணக்கும் இதுவே. குழியெடுத்து நடுகிறவர்கள் குழிக்கு நான்கு விதை ஊன்றி, முளைத்தபின் வலுவான இரண்டை மட்டும் நிறுத்தி, குழிக்குக் குழி நான்கு அடி விடலாம்.

இதை ஒரு கொல்லையில் பொருத்திப் பார்ப்போம். சுவர் ஓரமாகப் பத்து அடி நீளமும் மூன்று அடி அகலமும் உள்ள ஒரு பாத்தி இருக்கிறது என்று வையுங்கள். வலை கட்டி ஏற்றினால் ஒரே வரிசையில் பத்துச் செடிகள் நிற்கும். அதே பாத்தியில் தரையில் விட்டால் ஐந்து செடிகளே கொள்ளும். அந்த ஐந்தும் பாத்தியைத் தாண்டி நடைபாதையில் ஓடும். இடம் குறைவாக உள்ள வீட்டில் வலை கட்டுவதே நல்லது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காயும் மண்ணில் படாமல் நேராகத் தொங்கும். இலை மறைவில் கிடந்து முற்றிப்போவதும் குறையும்.

கூடுமானவரை வரிசையை வடக்கு தெற்காக அமையுங்கள். காலையில் ஒரு பக்கமும் பிற்பகலில் மறுபக்கமுமாக வலையின் இரு முகங்களிலும் வெயில் விழும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் இல்லாத இடத்தில் எந்த இடைவெளியும் பயன் தராது.

கொஞ்சம் நெருக்கி நட்டால் அதிகக் காய் கிடைக்காதா?

கிடைக்காது என்பதை நானே நட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு கோடையில், பத்து அடிப் பாத்தியில் அரையடிக்கு ஒன்றாக இருபது செடிகளை விட்டேன். முதல் மூன்று வாரம் பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஐந்தாவது வாரம் வலையின் உட்புறம் கையை விட்டபோது இலைகள் ஈரமாகவே இருந்தன. அப்போது காலை பத்து மணி. அடுத்த நாலைந்து நாளில் இலையின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு நடுவே கட்டம் கட்டினாற்போல் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. அந்தக் கோண வடிவம்தான் அடிச்சாம்பல் நோயின் அடையாளம். நரம்பைத் தாண்டிப் பரவ முடியாததால் புள்ளி வட்டமாக இல்லாமல் கோணலாக நிற்கும். இலையைத் திருப்பினால் அதே இடத்தில் சாம்பல் ஊதா நிறத்தில் மெல்லிய பூசணம் படிந்திருக்கும்.

அந்தப் பூசணத்தின் வித்து முளைத்து இலைக்குள் புக, இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். இரவில் விழுந்த பனியும் பாய்ச்சிய நீரின் சிதறலும் காற்றோட்டமான கொடியில் வெயில் ஏறியவுடன் காய்ந்துவிடும், நெருக்கத்தில் காயாது. எனவே செடிகளுக்கு நடுவே விடுகிற அந்த ஓர் அடி வீணான இடமன்று. அதுவே உங்களுக்குச் செலவில்லாத நோய்த் தடுப்பு. வெள்ளை மாவு தூவியது போலத் தோன்றும் சாம்பல் நோய்க்கு இலை நனைய வேண்டியதில்லை என்றாலும், அதுவும் நிழலும் நெருக்கமுமான உட்பகுதியில்தான் முதலில் பற்றும்.

வேரையும் நினைத்துப் பாருங்கள். வெள்ளரியின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓர் அடிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடுகிறது. காயோ பெரும்பாலும் நீர். நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். காய் திரளும் நாட்களில் இரண்டு செடிகள் ஒரே கை மண்ணிலிருந்து நீரை இழுத்தால் இரண்டிலும் பிஞ்சு வெம்பும். அந்தக் கோடையில் இருபது செடிகளில் எடுத்ததைவிட, மறுகோடையில் பத்துச் செடிகளில் அதிகம் எடுத்தேன்.

ஒரு குழியில் மூன்று விதை போட்டேன், மூன்றும் முளைத்துவிட்டன. பிடுங்க மனம் வரவில்லை. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் இல்லை. அந்தத் தயக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் கலைத்து விடுவதும் விதைப்பின் ஒரு பகுதியே. முளைத்துப் பத்து நாள் கழித்து, முதல் உண்மையான இலை உள்ளங்கையில் பாதியளவு வந்திருக்கும்போது, மண் மட்டத்துக்கு அருகே குனிந்து பாருங்கள். தண்டு குட்டையாகவும் தடித்தும், வித்திலைகள் இரண்டும் கரும்பச்சையாகப் படுக்கைவாட்டில் விரிந்தும் இருப்பது நிற்க வேண்டிய செடி. நெட்டையாக வெளுத்து ஒரு பக்கம் சாய்வதும், வித்திலையின் ஓரம் விதைத்தோலில் சிக்கிச் சுருங்கியதும் போக வேண்டியவை.

போக வேண்டியதைப் பிடுங்காதீர்கள். கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிவிடுங்கள். மூன்று செடிகளின் வேரும் அதற்குள் பின்னியிருக்கும் என்பதால், ஒன்றை இழுத்தால் நிறுத்த நினைத்ததும் அசைந்துவிடும். ஒருநாள் முழுக்க வாடிக் கிடந்து பிழைத்த செடிகளைப் பார்த்தபின்தான் நானும் கத்தரிக்கோலுக்கு மாறினேன்.

மாடித் தோட்டத்தில் ஒரு பைக்கு எத்தனை செடி?

12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பையில் ஒன்று. 15 அங்குல விட்டமும் அதே 12 அங்குல உயரமும் உள்ள பையில் இரண்டு. முதற்பையில் ஏறத்தாழ 22 லிட்டர் மண்கலவையும் அடுத்ததில் 35 லிட்டர் அளவும் கொள்ளும். ஒரு செடிக்குக் குறைந்தது 17 லிட்டராவது இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டால், தண்ணீர்க் கேன், பழைய வாளி, பெயிண்ட் டப்பா என எதையும் அளந்து முடிவு செய்யலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில பைகளின் மேல் எழுதியிருக்கும் 12 அங்குலம், பையைத் தட்டையாக மடித்து வைத்து அளந்த அகலம். அதை நிரப்பினால் விட்டம் எட்டு அங்குலம்கூட வராது. கொள்ளளவும் பாதிக்கும் கீழே போய்விடும். ‘பைக்கு ஒன்றுதானே நட்டேன், ஏன் காய்க்கவில்லை’ என்று கேட்டவர்களின் மாடியில் அளந்து பார்த்தபோது பலமுறை இதுவே காரணமாக இருந்தது. நிரப்பிய பிறகு வாயின் குறுக்கே அளவுநாடாவை வைத்துப் பார்ப்பதே சரியான அளவு.

மண்கலவைக்குச் செம்மண், நன்றாக அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஆகிய மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பைக்குப் பை இரண்டு அடி இடைவெளி விட்டு, எல்லாவற்றையும் கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசைப்படுத்துங்கள். நனைந்த பை கனமானது. மாடியின் நடுப்பகுதியில் குவிக்க வேண்டாம். சித்திரை வெயிலில் தளம் அனலாகக் கொதிக்கும் என்பதால், பைகளைச் செங்கல்லின் மேல் தூக்கி வைப்பதும், கத்திரி நாட்களில் மேலே பச்சை நிழல்வலை கட்டுவதும் வேரைக் காப்பாற்றும்.

வலை, பந்தல் எப்போது கட்ட வேண்டும்?

விதைக்கிற அன்றே. செடி வளர்ந்தபின் கழி ஊன்றினால், ஊன்றுகிற இடத்தில் வேர் இருக்கும். ஐந்து அல்லது ஆறு அடி உயர மூங்கில் கழிகளுக்கு நடுவே நான்கு முதல் ஆறு அங்குலக் கண்ணுள்ள நைலான் வலையோ, மேலிருந்து செடிக்கு ஒன்றாகத் தொங்கவிட்ட சணல் கயிறோ போதும். புடலைக்குப் போடுவது போன்ற கூரைப்பந்தல் வெள்ளரிக்குத் தேவையில்லை, இருந்தால் ஏற்றிவிடலாம். ஐந்தாறு இலைகள் வந்ததும் பற்றுக்கம்பிகள் தாமே தேடிப் பிடிக்கும். முதல் இரண்டு முறை மட்டும் கொடியின் நுனியை மெதுவாக வலையின் பக்கம் திருப்பிவிடுங்கள். அதை மதியத்துக்கு மேல் செய்வது நல்லது. காலையில் தண்டு நீர் நிரம்பி முறுக்காக இருப்பதால் எளிதில் ஒடியும்.

கிளைகளைக் கிள்ள வேண்டுமா?

ஓர் அடி இடைவெளியில் வலையில் ஏற்றியவர்கள் கீழிருந்து ஐந்து கணுக்கள்வரை பக்கக்கிளைகளை நீக்கிவிடுங்கள். அடியில் காற்று புகும். தரையில் இரண்டு அடி விட்டவர்கள் எதையும் கிள்ள வேண்டியதில்லை.

பூ நிறைய இருக்கிறது, காயே பிடிக்கவில்லை. நெருக்கம்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை, வயதுதான் காரணம். நாட்டு ரகங்களிலும் பெரும்பாலான பழைய ரகங்களிலும் ஒரே கொடியில் ஆண்பூ, பெண்பூ தனித்தனியாக வரும். முதல் பத்துப் பதினைந்து நாட்கள் ஆண்பூக்களே கொத்துக் கொத்தாகப் பூத்து உதிரும். பெண்பூவைக் கண்டுபிடிப்பது எளிது: இதழுக்குப் பின்னால், காம்பு இருக்க வேண்டிய இடத்தில், முள் முள்ளாக விரல்நகம் அளவுக்கு ஒரு குட்டி வெள்ளரி இருக்கும். அது தென்படத் தொடங்கும்வரை பொறுத்திருங்கள். கடும் வெப்பத்தில் ஆண்பூக்களின் எண்ணிக்கை கூடும்.

பெண்பூ வந்தும் பின்னாலிருக்கும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். பூ விடியலில் மலர்ந்து அன்று மாலைக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். உயரமான மாடிகளில் தேனீ குறைவாகவே வரும். காலை ஒன்பது மணிக்குள், அன்று மலர்ந்த ஓர் ஆண்பூவைக் கொய்து, இதழ்களைக் கிழித்தெடுத்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் பொடியைப் பெண்பூவின் மூன்று பிளவான சூல்முடியில் மெதுவாகத் தடவிவிடுங்கள். ஒரு முனை பருத்து மறுமுனை சூம்பிய காய்களும் அரைகுறை மகரந்தச் சேர்க்கையால் வருபவையே. பாலித்தீன் தாளால் மூடி வளர்க்கும் குடிலுக்கென்று விற்கப்படும் சில வீரிய ரகங்கள் மகரந்தமின்றியே காய்க்கும். விதைப்பையின் மேல் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

பக்கத்தில் பாகல் நட்டால் வெள்ளரி கசக்குமா?

கசக்காது. பாகல், புடலை, சுரை, பீர்க்கை ஆகிய எதனோடும் வெள்ளரி கலப்பதில்லை. இன்னொரு வெள்ளரி ரகத்தோடு கலந்தாலும், அந்த மாற்றம் விதைக்குள் இருந்து அடுத்த தலைமுறையில்தான் தெரியும். இந்தக் காயின் சதையில் தெரியாது. கசப்புக்குக் காரணம் குக்குர்பிடசின் என்ற பொருள். இமயமலை அடிவாரக் காடுகளில் வளரும் வெள்ளரியின் காட்டு உறவினத்தின் காய் இன்றும் கடுங்கசப்பாகவே இருக்கிறது. தோட்ட வெள்ளரியிலும் அந்த இயல்பு உறங்கிக் கிடக்கிறது. ஒருநாள் வெள்ளமாகப் பாய்ச்சி இரண்டு நாள் காயவிடுவதும் தாங்காத வெப்பமும் அதை எழுப்பிவிடுகின்றன. மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாவிட்டால் வேரோரமாக நீர் ஊற்றுங்கள். மேலே காய்ந்த இலைச்சருகால் மூடாக்கு இடுங்கள். கோடை உச்சத்தில் பைகளுக்குக் காலை, மாலை இருவேளையும் நீர் தேவைப்படும். கசப்பு காம்புப் பக்கத்திலும் தோலுக்கடியிலும் அதிகமாக இருப்பதால், அந்த முனையை வெட்டித் தோலைத் தடிப்பாகச் சீவினால் ஓரளவு குறையும். வாயில் வைக்க முடியாத அளவு கசக்கும் காயைத் தின்னவே வேண்டாம், வயிற்றைக் கெடுக்கும்.

முளைத்த இரண்டாம் நாளே இலையில் ஓட்டை விழுகிறதே?

செம்மஞ்சள் நிறத்தில், அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு வண்டு தின்கிறது. வித்திலைப் பருவத்தில்தான் அதனால் பெரும் சேதம். அதிகாலையில் அது மந்தமாக இருக்கும்போது கையால் பிடித்து சோப்பு நீரில் போடுங்கள். சலித்த அடுப்புச் சாம்பலைப் பனி காயுமுன் இலைமேல் தூவுவது எங்கள் பக்கத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். நான்கு இலை வந்துவிட்டால் கொடி தாக்குப்பிடிக்கும். இந்த இழப்பைக் கருதியே குழிக்கு ஒன்றுக்கு மேல் விதை ஊன்றச் சொல்கிறேன்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு எத்தனை செடி வேண்டும்? முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி போடலாமா?

நான்கு செடிகள் போதும். ஆறு இருந்தால் அண்டை வீட்டுக்கும் கொடுக்கலாம். விதைத்து 45 முதல் 50 நாளில் முதல் காய் வரும்; அதன்பின் ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஒரு காயை மறந்து முற்றவிட்டால், கொடி தன் வேலை முடிந்ததாகக் கொண்டு புதிய பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். காய்ப்பு ஒரு மாதம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒன்றரை மாதம் நீடிக்கும். ஆகவே பத்து அடிப் பாத்தியில் பத்துச் செடிகளையும் ஒரே நாளில் போடாமல், தை நடுவில் ஐந்தும் மாசி நடுவில் ஐந்துமாகப் போட்டால் வைகாசிவரை தட்டாமல் கிடைக்கும்.

அதே பாத்தியில் உடனே மறுபடி வெள்ளரியோ பூசணியோ பாகலோ போட வேண்டாம். இந்தக் குடும்பத்துக்குப் பொதுவான நூற்புழுவும் வாடல் நோயும் மண்ணில் தங்கியிருக்கும். பழைய கொடியை வேரோடு எடுத்து, நோயுற்றிருந்தால் எருக்குழியில் சேர்க்காமல் அப்புறப்படுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு போகம் தட்டைப்பயறோ கீரையோ போடுங்கள். பையில் வளர்த்தவர்கள் மண்ணைக் கொட்டி நான்கைந்து நாள் வெயிலில் உலர்த்தி, கால்பங்கு புதிய எருவும் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, ஆடிக்குக் கத்தரியோ வெண்டையோ நடலாம்.